பிப்பிஸ்ட்ரெல் வேலிஸ் எலக்ட்ரோ: மோட்டருக்கு ஃபுல் மார்க், பேட்டரிக்கு ஜஸ்ட் பாஸ்

நேரா விஷயத்துக்கு வந்துடறேன். கரண்ட்ல ஓடற பிளேன்ல உக்காந்து பாக்கணும், முடிஞ்சா ஓட்டிக் கத்துக்கணும்னு ஆசைப்படறவங்களுக்கு ஐரோப்பால கைக்கு எட்டற தூரத்துல இருக்கற பிளேன்னா அது ஸ்லோவேனியா நாட்டு பிப்பிஸ்ட்ரெல் கம்பெனிக்காரங்க பண்ற இந்த வேலிஸ் எலக்ட்ரோதான். யூடியூப்ல பாத்தா நாளைக்கே ஏர்டாக்ஸி வாசல்ல வந்து நிக்கப்போகுதுங்கற மாதிரி வீடியோ ஆயிரம் கிடக்கு, ஆனா 2020 ஜூன்ல ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பு ஈஏஎஸ்ஏ கிட்ட முறையா டைப் சர்டிஃபிகேட் (இந்த மாடல் பறக்க லாயக்குன்னு குடுக்கற சான்று) வாங்கின முதல் முழு எலக்ட்ரிக் பிளேன் இதுதான், அதுக்கு ஒரு மாசம் முன்னாடி மே மாசத்துல இதோட மோட்டர் ஈ-811 தனியா சர்டிஃபிகேட் வாங்கிடுச்சு. அதாவது இது டெமோ பீஸ் இல்ல, ஃபிளையிங் ஸ்கூல்ல தினம் அடி வாங்கற வண்டி.

நான் இருக்கறது ஸ்விட்சர்லாந்துல, இந்த பிளேனோட முதல் கஸ்டமரே இந்த ஊரு கம்பெனிதான், ஆல்பின்ஏர்பிளேன்ஸ், ஒரே அடியா 12 பிளேன் ஆர்டர் போட்டாங்க. அதனால இங்க இது கொஞ்சம் சாதாரணமாவே கண்ணுல படும். பக்கத்துல ஒரு ஏர்ஃபீல்டுல இன்ஸ்ட்ரக்டர் கூட பறந்து பாத்த அனுபவமும், மோட்டர் பேட்டரி மேல இருக்கற பழைய கிறுக்கும் சேந்துதான் இந்த ரிவ்யூ. ஸ்கூல் பேர் வேண்டாம், இது பிளேனோட ரிவ்யூ.

முதல்ல மோட்டர். சத்தியமா சொல்றேன், மூக்கு மேல இருக்கற கவரக் கழட்டிக் காமிச்சப்ப "எங்கங்க மோட்டரு?"ன்னுதான் கேக்கத் தோணும். வட்டமா, தட்டையா, கிட்டத்தட்ட 23 கிலோல ஒரு சாமான். அவ்ளோதான். அது டேக்ஆஃப்ல 57.6 கிலோவாட் குடுக்கும், தொடர்ந்து 49.2 கிலோவாட் குடுக்கும். பழைய கணக்குல சொன்னா 77 குதிரை சக்தி. இதே சைஸ் பிளேன்ல சாதாரணமா இருக்கற ரோடாக்ஸ் 912 பெட்ரோல் இஞ்சின் 80ல இருந்து 100 குதிரை சக்தி, வெயிட் 60 கிலோ பக்கம், அதுக்கு மேல எக்ஸாஸ்ட், ஃபியூல் பம்ப், ஆயில் டேங்க்குன்னு ஒரு சம்சாரமே கூட வரும். ரோடாக்ஸ் 5,800 ஆர்பிஎம் வரைக்கும் சுத்தும், ப்ரொப்பெல்லர் அந்த வேகத்துல சுத்தினா நுனி சத்தத்தோட வேகத்த நெருங்கி வேலைக்காகாது, அதனால நடுவுல ஒரு கியர்பாக்ஸ். இதுல அதெல்லாம் ஒண்ணும் கிடையாது, மோட்டர் ஷாஃப்ட்லயே ப்ரொப்பெல்லர், 2,500 ஆர்பிஎம் பக்கத்துலயே தேவையான டார்க், அதாவது சுத்தற பலம், வந்துடுது.

இவ்ளோ சின்னதுல எப்படி வருதுன்னா, இது ஆக்ஸியல் ஃப்ளக்ஸ் மோட்டர். நம்ம வீட்டு மிக்ஸி, பம்ப்செட் மோட்டர்லாம் உருளை மாதிரி, உள்ள ஒரு உருளை சுத்தும், சுத்தி காயில் இருக்கும். ஆக்ஸியல் ஃப்ளக்ஸ்ல காந்தம் ஒட்டின தட்டு, காயில் இருக்கற தட்டு, ரெண்டும் முகத்துக்கு முகம் பாத்துட்டு இருக்கும். விசை வர்ற இடம் நடு அச்சுல இருந்து தள்ளி ஓரத்துல இருக்கறதால அதே விசைக்கு டார்க் கூட கிடைக்கும், இரும்பும் கம்மியா போதும். இதுவும் ஸ்லோவேனியாலயே இருக்கற எம்ராக்ஸ் கம்பெனி கூட சேந்து பண்ணது. அவங்க 268 மாடலோட விட்டம் 268 மில்லிமீட்டர், வெயிட் 20 கிலோ சொச்சம், ஹை ஸ்பீடுல ஓட்டினா சில நிமிஷத்துக்கு உச்சமா 200 கிலோவாட் பக்கம் போகும்னு கேட்லாக்ல போட்டிருப்பாங்க. அந்த ஜாதி மோட்டர இங்க 57ல கட்டிப் போட்டிருக்காங்க. ப்ரொப்பெல்லர் மெதுவா சுத்தணும், சூடு ஏறக்கூடாது, சர்டிஃபிகேட்டுக்கு மார்ஜின் வேணும், இதெல்லாம் காரணம்தான். ஆனா அது கேக்கற அளவுக்கு அள்ளிக் குடுக்க பேட்டரியால முடியாதுங்கறதும் இருக்குல்ல.

மோட்டர் பக்கம் இந்த ஒரு கம்பெனி மட்டும் இல்ல, உலகம் பூரா ஜெயிச்சாச்சு. சீமென்ஸ் 2015லயே 50 கிலோ வெயிட்ல 260 கிலோவாட் மோட்டர் காமிச்சாங்க, கிலோவுக்கு 5 கிலோவாட், மறு வருஷம் அத எக்ஸ்ட்ரா 330ங்கற மாடல் பிளேன்ல மாட்டி பறக்கவும் விட்டாங்க. ரோல்ஸ் ராய்ஸ் 2021 நவம்பர்ல ஸ்பிரிட் ஆஃப் இன்னோவேஷன்னு ஒரு எலக்ட்ரிக் பிளேன யாசா கம்பெனி மோட்டர் மூணு போட்டு 3 கிலோமீட்டர் தூரத்துக்கு மணிக்கு 555.9 கிலோமீட்டர் சராசரில அடிச்சாங்க. மேக்னிஎக்ஸ் கம்பெனி 560 கிலோவாட் மோட்டர 2019 டிசம்பர்ல கனடால ஹார்பர் ஏர் கம்பெனியோட பழைய பீவர் கடல் விமானத்துல மாட்டி ஏத்துனாங்க. மோட்டர் ஒரு பிரச்சனையே இல்லங்க இப்போ. எஃபிஷியன்ஸி 90 சதவீதத்துக்கு மேல, ஸ்பார்க் பிளக் இல்ல, கார்புரேட்டர்ல ஐஸ் கட்டற தொல்லை இல்ல, ஆயில் மாத்தற வேலை இல்ல, உயரம் போகப் போக மூச்சு வாங்கற வியாதி இல்ல. பெட்ரோல் இஞ்சின் காத்து மெலிய மெலிய பவர் கொறைஞ்சிட்டே வரும், ஆல்ப்ஸ் பக்கம் பறக்கறவங்களுக்கு அது தெரியும், இந்த மோட்டருக்கு காத்து கூலிங்குக்கு மட்டும்தான்.

இப்ப ஓட்டற அனுபவம். உள்ள உக்காந்தா ரொம்ப காலியா இருக்கு. பெட்ரோல்-காத்து கலவைக்கு மிக்ஸ்சர் லீவர் கிடையாது, சோக் கிடையாது, கார்புரேட்டர் ஐஸ உருக்கற கார்ப் ஹீட் கிடையாது, ஒரே ஒரு பவர் லீவர். மாஸ்டர், அப்புறம் பேட்டரி எனேபிள், பவர் எனேபிள்னு சுவிட்ச் போட்டா ஒரு சின்ன ஸ்கிரீன் முழிச்சுக்கும், சார்ஜ் எவ்ளோ, பேட்டரி ஹெல்த் எவ்ளோ, இன்னும் எவ்ளோ நிமிஷம், எல்லாம் அதுல. வார்ம் அப் பண்ணி ஆயில் சூடாகற வரைக்கும் காத்துட்டு இருக்கற வேலை இல்ல. ஆனா ஒண்ணு கவனிக்கணும், நிக்கறப்ப ப்ரொப்பெல்லர் சுத்தவே சுத்தாது, அமைதியா இருக்கும், தூங்குதுன்னு நெனச்சு யாராச்சும் பக்கத்துல போனா லீவர் கொஞ்சம் அசைஞ்சாலும் கத்தி மாதிரி சுத்த ஆரம்பிச்சிடும். இன்ஸ்ட்ரக்டர் இத திரும்பத் திரும்ப சொன்னாரு, சொல்லணும்.

ஏறறப்ப நிமிஷத்துக்கு 650 அடி பக்கம்னு கம்பெனி கணக்கு, ராக்கெட் இல்ல, ஆனா நடுக்கம் சுத்தமா கிடையாது, அதுதான் பெரிய வித்தியாசம், பிஸ்டன் இஞ்சின்ல பல்லு ஆடற அதிர்வு இதுல இல்லவே இல்ல. சத்தம் இல்லாம இருக்கும்னு நெனச்சு ஹெட்செட் வேண்டாம்னு சொல்லிடாதீங்க, காத்துச் சத்தமும் ப்ரொப்பெல்லர் சத்தமும் நல்லாவே இருக்கும். ஆனா கீழ இருக்கறவனுக்கு ஒண்ணும் கேக்காது, கம்பெனி 60 டெசிபல்னு சொல்றாங்க. இங்கெல்லாம் ஏர்ஃபீல்டு பக்கத்து வீட்டுக்காரங்க சத்தத்துக்கு கம்ப்ளெயின்ட் குடுத்தே பறக்கற நேரத்த கொறைச்சு வெச்சிருக்காங்க, மதியம் கூடாது, ஞாயித்துக்கிழமை கூடாதுன்னு. ஸ்கூல் நடத்தறவங்க இத வாங்கறதுக்கு பாதி காரணம் சுற்றுச்சூழல் இல்ல, அந்த பக்கத்து வீட்டுக்காரங்கதான்னு என் கணிப்பு.

இதுவரைக்கும் எல்லாம் நல்லாத்தான் போச்சு இல்ல, இப்ப பேட்டரிக்கு வருவோம்.

மொத்தம் ரெண்டு பேட்டரி, ஒண்ணு மூக்குல, ஒண்ணு சீட்டுக்குப் பின்னாடி, பேலன்ஸுக்காக அப்படி பிரிச்சு வெச்சிருக்காங்க. 345 வோல்ட், ஒவ்வொண்ணும் 11 யூனிட் கரண்ட் பிடிக்கும், ஒவ்வொண்ணும் 70 கிலோ பக்கம். ஆக 140 கிலோ பேட்டரில 22 யூனிட். இத பெட்ரோல் கணக்குல பாத்தா வயித்தெரிச்சல். ஒரு கிலோ பெட்ரோல்ல சுமார் 12 யூனிட் சக்தி இருக்கு, இஞ்சின் அதுல முக்கால்வாசிய சூடாக்கி வெளிய விட்டுட்டாலும் ப்ரொப்பெல்லருக்கு 3 யூனிட் வந்துடும். பேட்டரி ஒரு கிலோவுக்கு 0.15 யூனிட்தான், மோட்டர் நல்லா உழைச்சாலும் 0.14 தேறும். இருபது மடங்குக்கு மேல வித்தியாசம். அந்த 140 கிலோ பேட்டரி மொத்தமும் பண்ற வேலைய ஒம்போது லிட்டர் பெட்ரோல் கேன் பண்ணிடும்ங்க. ஒம்போது லிட்டர், நம்ம ஸ்கூட்டர் ரெண்டுக்கு டேங்க் ஃபுல் பண்ற அளவு!

"செல்லுலாம் இப்ப கிலோவுக்கு 0.25 யூனிட் வந்துடுச்சே, கார்ல போடறாங்களே"ன்னு கேப்பீங்க. கரெக்ட், ஆனா செல்லு வேற பேக்கு வேற, செல்லுங்கறது ஒத்த சின்ன பேட்டரி, அதுங்கள நிறைய அடுக்கிக் கட்டின பெட்டிதான் பேக்கு. பறக்கறதுல ஒரு செல் சூடாகி தீப்பிடிச்சா கார் மாதிரி ஓரமா நிறுத்திட்டு ஓடிட முடியாது, அதனால ஒரு செல்லு எரிஞ்சா பக்கத்து செல்லுக்கு தீ பரவாம நடுவுல தடுப்பு, புகை வெளிய போக வழி, ஸ்ட்ராங்கான பெட்டி, கூலிங் தண்ணி, பைப், பம்ப், ரேடியேட்டர், எல்லாமே வெயிட். நாசாவோட எக்ஸ்-57 பிளேனுக்கு 2016ல பேட்டரி டெஸ்ட் பண்றப்ப தீ செல்லு விட்டு செல்லு தாவிடுச்சு, மொத்த பேக்கையும் திரும்ப டிசைன் பண்ண வேண்டியதாப் போச்சு, கடைசில 2023ல அந்த பிளேன் பறக்காமலே திட்டத்த மூடிட்டாங்க. நாசாவுக்கே அந்த கதி.

இன்னொரு விஷயம், இது பலபேர் யோசிக்கறதில்ல. வேலிஸ்ல ஒரு பேட்டரி செத்துட்டா சிஸ்டம் அதக் கழட்டி விட்டுடும், மிச்சம் இருக்கற ஒத்த பேட்டரியால பிளேன் மேல ஏறவும் முடியணும், அதுக்குத்தான் சர்டிஃபிகேட். அப்ப ஏறறதுக்கு வேண்டிய பவர் மொத்தத்தையும் ஒத்த 11 யூனிட் பேட்டரில இருந்தே உறிஞ்சணும். அந்த வேகத்துல விட்டா ரொம்ப நேரம் தாங்காது, அது அவசரத்துக்குத்தான், ஆனா அந்த அவசரத்துக்காக செல்லு முழுக்க வேகமா கரண்ட் கக்கற ரகமா இருக்கணும். வேகமா கக்கற செல்லு நிறைய பிடிச்சு வெச்சுக்காது, நிறைய பிடிச்சு வெக்கற செல்லு வேகமா கக்காது. ரெண்டும் ஒண்ணா கேட்டா வேதியியல் சிரிக்கும். கார்ல ஹைவேல 15, 20 கிலோவாட்ல போய்ட்டே இருக்கலாம், பிளேன்ல டேக்ஆஃப்லயே முழுசா கேக்கும், அதுவும் சார்ஜ் கொறைஞ்ச நேரத்துல ஒரு கோ-அரவுண்ட் (இறங்க வந்துட்டு இறங்காம திரும்ப மேல ஏறறது) வந்துச்சுன்னா வோல்டேஜ் இறங்கியிருக்கும், அதே பவருக்கு கரண்ட் கூட இழுக்கணும், கரண்ட் கூடினா சூடு அதோட வர்க்கத்துல கூடும். அதனால ஸ்கிரீன்ல 20 சதவீதம்னு காமிச்சா அது போன்ல இருக்கற 20 சதவீதம் மாதிரி இல்ல, அது அவசரத்துக்கு எடுத்து வெச்ச பணம், தொடக்கூடாது.

அப்ப எவ்ளோ நேரம் பறக்கும்? கம்பெனி சொல்றது 50 நிமிஷம் வரைக்கும், ரிசர்வ், அதாவது அவசரத்துக்கு மிச்சம் வெக்கற நேரம், தனி. சாதாரண சட்டப்படி பகல்ல பாத்துப் பறக்கறதுக்கு 30 நிமிஷ ரிசர்வ் வேணும், இந்த பிளேனுக்கு அத வெச்சா ஸ்கூல் நடத்தவே முடியாது. நல்ல வேளையா ஐரோப்பால அதே ஏர்ஃபீல்ட கண்ணுல வெச்சுக்கிட்டே சுத்தி வந்து அங்கயே இறங்கினா 10 நிமிஷ ரிசர்வ் போதும்னு ஒரு விதி இருக்கு. இந்த பிளேனோட பொழப்பே அந்த விதி மேலதான் நிக்குதுன்னு வெச்சுக்கோங்க. அதனால இதுல நீங்க பண்ணப் போறது சர்க்யூட், அதாவது ஏறு, சுத்து, இறங்கு, திரும்ப ஏறு. ஆரம்பப் பாடத்துக்கு அது பிரமாதம், ஊரு விட்டு ஊரு போற கிராஸ் கன்ட்ரி பாடத்துக்கு பெட்ரோல் பிளேன்தான், ஸ்கூல்லயே ரெண்டையும் கலந்துதான் சொல்லித் தர்றாங்க.

வெயிட் அடுத்த தலைவலி. இதோட பெட்ரோல் அண்ணன் எஸ்டபிள்யூ 121 காலி வெயிட் 350 கிலோவ ஒட்டி, வேலிஸ் 428 கிலோ, ரெண்டுக்கும் மேல் வரம்பு 600தான். ஆக மிச்சம் 172 கிலோ, ரெண்டு ஆளுக்கு. புக் பண்றப்பவே உங்க வெயிட்ட கேப்பாங்க, கூச்சப்படாம உண்மையச் சொல்லுங்க, நல்லா வாட்டசாட்டமான ஆளா இருந்தா ஒல்லியான இன்ஸ்ட்ரக்டரா பாத்து போடுவாங்க. பெட்ரோல் பிளேனாவது போகப்போக எரிச்சு லேசாகும், பேட்டரி ஏறினப்ப எவ்ளோ வெயிட்டோ இறங்கறப்பவும் அவ்ளோதான். பெரிய பிளேனுக்கு இது இன்னும் கொடுமை. ஒம்போது பேர் போற மாதிரி பண்ண ஈவியேஷன் ஆலிஸ் 2022 செப்டம்பர்ல முதல்முறை பறந்தது, எட்டு நிமிஷம். இத்தாலி டெக்னாம் கம்பெனி பீ-வோல்ட்னு ஒரு எலக்ட்ரிக் பிளேன் ப்ராஜெக்ட 2023ல ஓரங்கட்டிட்டாங்க, வேகமா சார்ஜ் போட்டு போட்டு பறந்தா சில நூறு ட்ரிப்லயே பேட்டரி மாத்த வேண்டி வரும், கட்டுபடியாகாதுன்னு ஒளிவு மறைவு இல்லாம சொன்னாங்க. எனக்கு அவங்க மேல மரியாதை கூடினது அப்பதான். ஸ்வீடன் ஹார்ட் ஏரோஸ்பேஸும் 19 சீட் முழு எலக்ட்ரிக்னு ஆரம்பிச்சு 2022ல 30 சீட் ஹைப்ரிட்னு மாத்திக்கிட்டாங்க.

சார்ஜிங். பேட்டரியக் கழட்டி மாத்தற கதையெல்லாம் இதுல இல்ல (இதுக்கு முன்னாடி வந்த ஆல்ஃபா எலக்ட்ரோல அப்படி ஒரு யோசனை இருந்துச்சு), பிளேன்லயே வெச்சு, அதுக்குன்னு இருக்கற சார்ஜர்ல, மூக்குப் பக்கம் சொருகணும். ஒரு ஃபிளைட் முடிச்சுட்டு வந்தா அடுத்ததுக்கு ரெடியாக ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும், வெயில் காலத்துல பேட்டரி சூடு இறங்கற வரைக்கும் சார்ஜே ஏறாது. குளிர் காலத்துல நேரெதிர், லித்தியம் பேட்டரிய பூஜ்யம் டிகிரிக்கு கீழ சார்ஜ் போட்டா உள்ள லித்தியம் உலோகமா படிஞ்சு கெட்டுடும், அதனால சூடான ஹேங்கர் (பிளேன் நிறுத்தற கொட்டகை) வேணும். இந்த காத்திருப்புல ஒரு பிளஸ் இருக்கு, பறந்து வந்த பாடத்த காபி குடிச்சிட்டே இன்ஸ்ட்ரக்டர் கிட்ட பேசலாம், ஆனா ஸ்கூலுக்கு அது காசு, ஒரு நாளைக்கு எத்தன ஸ்டூடண்ட்ங்கறது பிளேன் கையில இல்ல, பிளக் கையில இருக்கு.

காசு விஷயம். கரண்ட் செலவு ஒண்ணுமே இல்ல, ஃபுல் சார்ஜுக்கு இங்க சில ஃபிராங்க்தான், பெட்ரோல் செலவோட பக்கத்துலயே வெக்க முடியாது. ஆனா மணிக்கு வாங்கற காசு நீங்க நெனக்கற அளவுக்கு கம்மியா இருக்காது, ஏன்னா பேட்டரிக்கு ஆயுள் உண்டு, கொஞ்ச வருஷத்துல ரெண்டையும் மாத்தணும், அந்த செலவ மணிக்கு இவ்ளோன்னு பிரிச்சு உங்க தலைல வெச்சிருப்பாங்க. பெட்ரோல் பிளேன்ல நீங்க வாங்கறது எரிபொருள், இதுல வாங்கறது பேட்டரியோட ஆயுள்ல ஒரு துண்டு.

சரி, கம்பெனிய நம்பலாமா? பிப்பிஸ்ட்ரெல் நேத்து முளைச்ச ஸ்டார்ட்அப் இல்ல, 2007லயே ரெண்டு சீட் எலக்ட்ரிக் மோட்டர் கிளைடர் காமிச்சவங்க, 2011ல நாசாவோட கிரீன் ஃபிளைட் சேலஞ்ச்ல ரெண்டு உடம்ப ஒட்டின டாரஸ் ஜி4 பிளேன வெச்சு 13.5 லட்சம் டாலர் பரிசு அடிச்சவங்க. 2022ல செஸ்னா பிளேன் பண்ற டெக்ஸ்ட்ரான் குரூப் இந்த கம்பெனிய வாங்கிடுச்சு. அமெரிக்கால விமானத்துறை அமைப்பு எஃப்ஏஏ 2024ல தனி விலக்கு குடுத்து வேலிஸ லைட் ஸ்போர்ட்ங்கற சின்ன பிளேன் வகைல பறக்க விட்டுச்சு. பழைய ஆல்ஃபா எலக்ட்ரோ ஒண்ணு 2019ல நார்வேல பவர் போய் ஏரில இறங்கின கதையும் உண்டு, உள்ள இருந்த ரெண்டு பேருக்கும் ஒண்ணும் ஆகல. அது வேற மாடல், இந்த சர்டிஃபிகேட்டும் அதுக்கு இல்ல, இருந்தாலும் எலக்ட்ரிக்னாலே இஞ்சின் நிக்காதுன்னு யாராச்சும் உங்ககிட்ட சொன்னா நம்பாதீங்க.

நம்ம ஊர்ல ஐஐடி மெட்ராஸ்ல இருந்து வந்த ஈபிளேன் கம்பெனி ஏர்டாக்ஸி பண்றாங்க, அவங்களுக்கும் இதே பேட்டரிதான் வில்லன், அதுவும் நின்ன இடத்துல இருந்து நேரா மேல கிளம்பணும்னா டேக்ஆஃப்ல கேக்கற பவர் இதவிட பல மடங்கு. அவங்க வீடியோ வந்தா எல்லாரும் ரேஞ்ச் எவ்ளோன்னு கேக்கறாங்க, கேக்க வேண்டிய கேள்வி கடைசி அஞ்சு நிமிஷத்துல, சார்ஜ் கொறைஞ்ச பேட்டரில, ஒரு தடவ இறங்க முடியாம திரும்ப ஏறினா என்ன ஆகும்ங்கறது.

வாங்கலாமான்னு கேட்டா, சொந்தமா வேண்டாம், கிட்டத்தட்ட 2 லட்சம் யூரோ போட்டு அம்பது நிமிஷம் பறக்கறதுக்கு நீங்க ஒரு ஸ்கூலாத்தான் இருக்கணும். பறந்து பாக்கலாமான்னா கண்டிப்பா பாருங்க. கோடைல போறதா இருந்தா காலைல முதல் ஸ்லாட் எடுங்க, பேட்டரி ராத்திரி பூரா ஆறி ஃபுல்லா இருக்கும். உக்காந்ததும் அந்த ஸ்கிரீன்ல பேட்டரி ஹெல்த் எவ்ளோன்னு காமிக்கச் சொல்லுங்க, புதுசுக்கும் பழசுக்கும் கிடைக்கற நிமிஷத்துல வித்தியாசம் உண்டு, குடுக்கற காசு ரெண்டுக்கும் ஒண்ணுதான்.